பல்லாவரத்துக் கல்லில் படிகத்தின் முகம்

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ வீடு கட்டும் வேலை நடக்கிற எந்தத் தெருவிலும் ஒரு ஜல்லிக் குவியல் கிடக்கும். அதில் ஒரு முக்கால் ஜல்லியை எடுத்துக் கழுவி, வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பினால் ஒரே கல்லுக்குள் பல விதமான பளபளப்பு தெரியும். சில இடங்கள் எப்படித் திருப்பினாலும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் எண்ணெய்ப் பசையோடு மின்னும். சில இடங்கள் மங்கிக் கிடந்து, ஒரு குறிப்பிட்ட கோணம் வந்ததும் தட்டையாகப் பளிச்சிட்டு மறுபடி மங்கிவிடும். இடையிடையே வெண்கலச் சாயல் கொண்ட கரும்புள்ளிகள் இருக்கும். கல்லை இடித்துப் பொடியாக்கிக் காந்தத்தைக் காட்டினால் கொஞ்சம் துகள் வந்து ஒட்டிக்கொள்ளும். குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன், மேக்னடைட். தென்சென்னைப் புறநகரின் கருங்கல் பெரும்பாலும் இந்த நான்கின் கலவைதான்.

இவை நான்கும் படிகங்கள். ஆனால் பாடப்புத்தகத்தில் அறுபட்டைத் தூணாக நிற்கும் குவார்ட்ஸ் இந்த ஜல்லியில் இல்லை. எட்டு முக்கோண முகங்கள் கொண்ட மேக்னடைட்டும் இல்லை. வடிவத்தைப் பார்த்துக் கனிமத்தை அடையாளம் காணலாம் என்று பள்ளியில் கற்றுக்கொண்ட மாணவர் இந்தக் கல்லின் முன் கைவிடப்பட்டவர்போல நிற்பார். அந்தப் பாடம் தவறல்ல, பாதியில் நின்றுவிட்டது என்பதே என் கருத்து. படிகத்தின் வடிவம் என்று நாம் சொல்வதற்குள் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, அந்தக் கனிமத்தின் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது. மற்றொன்று, அது வளர்ந்த இடம் எப்படிப்பட்டது என்பது. இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தவருக்கு முகமே இல்லாத பல்லாவரத்துக் கல்லும் பேசும்.

இந்தக் கல்லுக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பைத் தொடங்கிய ஜாப் சார்னோக் 1693-இல் இறந்தார். அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. வங்காளத்தின் வண்டல் நிலத்தில் அப்படிப்பட்ட கருங்கல் கிடையாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹென்றி ஹாலந்து அந்தக் கல்லறைப் பலகையை ஆராய்ந்து, அது சென்னைக்குத் தெற்கே பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் கிடைக்கும் கல்தான் என்று கண்டார். 1893-இல் அதற்குச் சார்னோக்கின் பெயரையே இட்டார். 1900-இல் அவர் எழுதிய விரிவான ஆய்வேடு, பரங்கிமலையையும் பல்லாவரத்தையும் உலகப் பாறையியல் வரைபடத்தில் நிலையாக நிறுத்தியது. நார்வேயிலோ இலங்கையிலோ அண்டார்டிகாவிலோ இந்த வகைக் கல்லைக் காணும் ஆய்வாளர் அதை ஒப்பிட்டுப் பார்க்கும் மூலக்கல் கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, மின்சார ரயிலின் ஜன்னலிலிருந்து தெரியும் இந்தக் குன்றுகளில்தான் இருக்கிறது. பரங்கிமலைச் சார்னோக்கைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. மலையேறி தேவாலயத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் காலடியிலுள்ள பாறையைக் குனிந்து பார்க்கிறார்கள்?

ஹாலந்து அந்தக் கல்லை எப்படி அடையாளம் கண்டார் என்பதைப் புரிந்துகொள்ள, படிகத்தின் முகத்தைப் பற்றி அறிவியல் கற்றுக்கொண்ட முதல் பாடத்துக்குப் போகவேண்டும். டென்மார்க்கில் பிறந்து இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் வாழ்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் குவார்ட்ஸ் படிகங்களைப் பற்றி எழுதினார். ஒரு படிகம் பருத்திருக்கும், இன்னொன்று மெலிந்திருக்கும், வேறொன்றில் ஒரு பக்கம் பெரிதாகி மறுபக்கம் கீற்றாகச் சுருங்கியிருக்கும். முகங்களின் அளவு மாறுகிறது. முகத்துக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள கோணம் மாறுவதில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து பாரிஸில் ரோமே தெ லீல் என்பவர் படிகங்களின் களிமண் மாதிரிகளைச் செய்வித்தபோது, அந்த வேலையில் ஈடுபட்ட அவருடைய மாணவர் கராஞ்சோ கோணத்தைச் சரியாகப் பிடிக்க ஒரு கருவி செய்துகொண்டார். இரண்டு உலோகக் கைகளும் ஓர் அரைவட்ட அளவுகோலும் கொண்ட கோணமானி அது. அந்தக் கருவியை வைத்துக்கொண்டு ரோமே தெ லீல் ஏராளமான கனிமங்களை அளந்து, ஒவ்வொரு கனிமத்துக்கும் அதற்கே உரிய கோணங்கள் உண்டு என்பதை 1783-இல் விதியாகவே நிறுவினார்.

ஏன் கோணம் மட்டும் மாறாமல் நிற்கிறது? அதே காலத்தில் பாரிஸில் இருந்த பாதிரியார் அயூயி கால்சைட்டை உடைத்துப் பார்த்தார். கால்சைட் இயற்கையில் எடுக்கும் உருவங்கள் நூற்றுக்கணக்கானவை. நாய்ப்பல்போல் கூர்ந்து நிற்கும், ஆணியின் தலைபோல் தட்டையாகும், அறுபட்டைத் தூணாகவும் நிற்கும். வெளியே எந்த உருவத்தில் இருந்தாலும் சுத்தியால் தட்டினால் எல்லாம் ஒரே சாய்சதுரக் கட்டிகளாகவே உடைகின்றன. அந்தக் கட்டியின் முகங்கள் சந்திக்கும் கோணம் சுமார் 105 பாகை, அதற்கு எதிரானது 75 பாகை. உள்ளே ஒரே அடிப்படை அலகு திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கிறது. வெளி உருவம் அந்த அடுக்கு எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது என்று அயூயி முடிவு செய்தார். அவர் கற்பனை செய்த அலகு அப்படியே உண்மையாகவில்லை என்றாலும் அடுக்கு என்ற எண்ணம் நின்றது. 1912-இல் மாக்ஸ் ஃபொன் லாவே படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது அந்த அடுக்குக்கு நேரடிச் சான்று கிடைத்தது.

ஆக, வெளி உருவத்தைப் பார்த்துக் கால்சைட்டைத் தேடுகிறவர் ஏமாந்துபோவார். உடைந்த கோணத்தைப் பார்க்கிறவர் ஏமாறமாட்டார். இதைத்தான் நம் பாடநூல்கள் அழுத்திச் சொல்லவேண்டும்.

சரி, வெளி உருவத்தை எது தீர்மானிக்கிறது? இதைக் கண்ணால் காணப் பரங்கிமலைக்கு அல்ல, கேளம்பாக்கத்துக்குப் போகவேண்டும். பழைய மாமல்லபுரம் சாலைக்குக் கிழக்கே, கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே கிடக்கும் உப்பளங்கள் படிக வளர்ச்சிக்கு ஒரு திறந்தவெளி ஆய்வுக்கூடம். கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகள் சுமார் 3.5 விழுக்காடு. வெயிலில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புப் பொருள் பிரிகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறுகும்போது ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒரு பங்குக்கு வரும்போதுதான் நாம் சமையலில் போடும் உப்பு படிகமாகத் தொடங்குகிறது. உப்பளத்தில் நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றிக் காய்ச்சுவதன் பொருள் இதுதான். வேண்டாதவற்றை முன்னதாகவே படியவிட்டு, உப்பு விளையும் பாத்திக்குச் சரியான நேரத்தில் நீரைக் கொண்டுபோகிறார்கள். படிகவியல் படிக்காமலேயே படிகங்களை வரிசைப்படி பிரித்தெடுக்கும் இந்த அறிவின் மேல் எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு.

காற்றடங்கிய நேரத்தில் பாத்தியின் நீர்ப்பரப்பை உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னச் சதுரங்கள் மிதப்பது தெரியும். ஒன்றை விரல்நுனியில் எடுத்தால் அது தலைகீழாகக் கவிழ்த்த, உள்ளே குழிந்த கோபுரம். படிப்படியாக விரிந்துபோகும் சதுரப் படிகள் அதன் சுவர்கள். உப்பு நீரைவிடக் கனமானது; ஆனால் மிகச் சிறிய படிகத்தை நீரின் பரப்பு இழுவிசை தாங்கிக்கொள்கிறது. படிகம் வளர வளரக் கனம் கூடிச் சற்றே அமிழ்கிறது. நீர் ஆவியாவது மேற்பரப்பில்தான் என்பதால் வளர்ச்சியும் அங்கேயே, மேல் விளிம்பில் நடக்கிறது. அமிழும், விளிம்பு அகலும், மறுபடி அமிழும். இப்படியே குழிந்த கோபுரம் உருவாகிறது. ஒரு காற்று அடித்தால் கவிழ்ந்து அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் பிறகு அங்கே கனசதுரமாக வளரும்.

இந்தக் குழிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கரைசல் மிக அடர்ந்திருக்கும்போது படிகத்தின் முனைகளுக்கும் விளிம்புகளுக்கும் புதிய உப்பு எளிதில் வந்து சேர்கிறது. முகத்தின் நடுப்பகுதி பின்தங்கிவிடுகிறது. வேகமாக வளர்ந்த படிகம் தன் குழிகளுக்குள் உப்புநீரை அடைத்துக்கொண்டு வெள்ளையாக, ஒளி ஊடுருவாததாக இருக்கும். சூடான வாணலியில் போட்ட கல்லுப்பு படபடவென்று வெடிப்பது அந்த அடைபட்ட நீர் ஆவியாகிப் பிளப்பதால்தான். மெதுவாக வளர்ந்தது தெளிந்த கனசதுரமாக இருக்கும். இரண்டும் ஒரே கனிமம், ஒரே அடுக்கு, ஒரே 90 பாகை. வேறுபட்டது வேகம் மட்டும்.

இங்கே பலரும் எதிர்பாராத ஓர் உண்மை இருக்கிறது. ஒரு படிகத்தில் நாம் காணும் முகங்கள் வேகமாக வளர்ந்தவை அல்ல, மெதுவாக வளர்ந்தவை. வேகமாக முன்னேறும் முகம் பக்கத்து முகங்களுக்கு இடையே குறுகிக் கூர்ந்து கடைசியில் மறைந்தேவிடும். பின்தங்கியவையே அகன்று எஞ்சுகின்றன. உப்பில் கனசதுர முகங்கள் மெதுவானவை, அதனால் கனசதுரம் கிடைக்கிறது. கரைசலில் யூரியா கலந்திருந்தால் நிலைமை தலைகீழாகிறது. எண்முக முகங்கள் தாமதப்பட்டு அவையே எஞ்சுவதால் உப்பு எண்முகியாக வளர்கிறது. சிறுநீரில் வளர்த்த உப்பு எண்முகியாவதை 18-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருக்கிறார்கள். அந்த எண்முகியைத் தட்டினாலும் அது கனசதுரத் துண்டுகளாகத்தான் பிளக்கும்.

கேளம்பாக்கத்தில் இதைப் பார்த்துவிட்டுப் பல்லாவரத்துக்குத் திரும்பினால் அந்தக் கல்லின் மௌனம் புரியத் தொடங்கும். உப்புக்கு நீர் இருந்தது; நீரில் இடம் இருந்தது. சார்னோக்கைட் இப்போதைய நிலையை அடைந்தது பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில். அங்கே வெற்றிடம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு படிகமும் இன்னொரு படிகத்தின் மேல் முட்டிக்கொண்டே வளர்ந்தது. நீண்ட காலம் அந்தச் சூட்டில் கிடந்ததால் துகள்களின் எல்லைகள் மெல்ல நகர்ந்து, ஆற்றல் மிகக் குறைவாகச் செலவாகும் அமைப்புக்கு வந்து சேர்ந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் பல இடங்களில் மூன்று துகள்கள் ஒரு புள்ளியில் சந்திக்கும். மூன்று கோணங்களும் ஏறக்குறைய 120 பாகை. பாத்திரம் துலக்கும்போது எழும் சோப்பு நுரையில் குமிழிகள் ஒன்றையொன்று தொடும் விதத்திலும் இதே கோணத்தைக் காணலாம். நுரையின் எல்லை குமிழிக்குச் சொந்தமில்லை, பக்கத்துக் குமிழியோடு பகிர்ந்துகொண்டது. இந்தத் துகள்களின் எல்லையும் அப்படித்தான். இந்த 120 பாகையைக் குவார்ட்ஸ் தூணின் 120 பாகையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தூணின் கோணம் அணு அடுக்கிலிருந்து வருகிறது. இது நெருக்கடியிலிருந்து வருகிறது.

திடப்பாறைக்குள்ளும் சில கனிமங்கள் தம் முகத்தை விட்டுக்கொடுப்பதில்லை. ஆஸ்திரியாவின் ஃபிரீட்ரிக் பெக்கே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருமாறிய பாறைகளை ஆராய்ந்து கனிமங்களை ஒரு வரிசையில் வைத்தார். எது பக்கத்துக் கனிமத்தைத் தள்ளிவிட்டுத் தன் முகத்தை அமைத்துக்கொள்கிறதோ அது வரிசையில் மேலே இருக்கும். கார்னெட் மேல்படியில் இருக்கிறது. குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் கீழே கிடக்கின்றன. பல்லாவரம் பகுதியில் சார்னோக்கைட்டோடு சேர்ந்து கார்னெட் நிறைந்த வெளிர் பாறைகளும் இருக்கின்றன. அவற்றில் செந்நிறக் கார்னெட் மணிகள் பக்கத்திலுள்ள வெள்ளைத் துகள்களைவிட எடுப்பாக உருண்டு நிற்பதைப் பார்த்தாலே பெக்கேயின் வரிசை நினைவில் தங்கிவிடும். உருகிய குழம்பு ஆறி இறுகும் பாறையில் இந்த வரிசை வேறு. அங்கே முதலில் படிகமானது முகத்தைப் பெறும். கடைசியில் வருவது மிச்சமிருக்கும் சந்துகளை நிரப்பும். எது எதற்கு இடம் கொடுத்தது என்று பார்த்தாலே அந்தப் பாறை குழம்பில் பிறந்ததா, திடத்திலேயே உருமாறியதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். சார்னோக்கைட்டைப் பற்றி நூறாண்டுகளாக நடந்த விவாதத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன், ஜல்லியில் உள்ள கனிமங்களை எப்படிப் பிரித்தறிவது என்பதை முடித்துவிடலாம். வெளிமுகம் இல்லாவிட்டாலும் உடைந்த முகம் இருக்கிறது. ஜல்லியாக்கும் இயந்திரம் நமக்குச் செய்யும் உதவி அது. 10 மடங்கு பெருக்கும் ஒரு கைலென்ஸ் போதும். குவார்ட்ஸுக்குப் பிளவுத் தளம் கிடையாது. அடுக்கின் எல்லாத் திசையிலும் பிணைப்பு ஏறக்குறைய ஒரே வலுவில் இருப்பதால் அது சிப்பியின் உட்புறம்போல வளைந்து உடையும். சார்னோக்கைட்டின் குவார்ட்ஸில் தென்படும் நீலச் சாயலுக்கு, அதற்குள் சிக்கியிருக்கும் மிக நுண்ணிய ஊசிப் படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பது காரணம். பெல்ட்ஸ்பாருக்கு இரண்டு பிளவுத் தளங்கள், ஏறக்குறைய 90 பாகையில். திருப்பும்போது பளிச்சிட்டு மறைவது அந்தத் தளம்தான். அந்தத் தளத்தில் மயிரிழை போன்ற இணைகோடுகள் வரிசையாக ஓடினால் அது பிளாஜியோகிளேஸ். அந்தக் கோடுகள் கீறல்கள் அல்ல. படிகம் வளரும்போதே அடுத்தடுத்த தகடுகள் திசைமாறி இரட்டைப் படிகங்களாக அடுக்கிக்கொண்ட தடம்.

கருமையான துகள்களில்தான் கோணம் தன் முழு வலிமையைக் காட்டுகிறது. ஹைப்பர்ஸ்தீனும் ஹார்ன்பிளெண்டும் கைக்கல்லில் பார்க்க ஒன்றுபோல் கருத்திருக்கும். இரண்டுக்கும் இரண்டிரண்டு பிளவுத் தளங்கள். ஹைப்பர்ஸ்தீனில் அவை 87, 93 பாகைகளில், ஏறக்குறையச் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும். ஹார்ன்பிளெண்டில் 56, 124 பாகைகளில். காரணம் உள்ளே இருக்கிறது: முதலாவதில் சிலிக்கான், ஆக்சிஜன் சங்கிலிகள் ஒற்றை வரிசையாக ஓடுகின்றன, இரண்டாவதில் இரட்டை வரிசையாக. இரட்டைச் சங்கிலி அகலமானது. பிளவு சங்கிலிகளை அறுக்காமல் அவற்றைச் சுற்றிக்கொண்டு போவதால் கோணம் விரிகிறது. அணுக்களின் அமைப்பைக் கண்ணால் காணும் இடம் இதைவிட எளிதாக வேறு இல்லை.

ஹாலந்துக்கு இதற்கும் மேலான கருவி இருந்தது. கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டி, முனைவாக்கிய ஒளியில் பார்க்கும் நுண்ணோக்கி. மேடையைச் சுழற்றும்போது ஹைப்பர்ஸ்தீன் வெளிர் ரோஜா நிறத்திலிருந்து வெளிர் பச்சைக்கு மாறும். இரண்டு முனைவாக்கிகளுக்கு நடுவே அதன் நீள்திசை நேராக நிற்கும்போது துகள் முழுவதும் இருண்டுவிடும். அது சேர்ந்த பைராக்சீன் குடும்பத்தின் வேறு பல கனிமங்கள் சாய்ந்த நிலையில்தான் இருளும். வெளியில் முகமே இல்லாத ஒரு துகளின் உள் சமச்சீரை ஒளி இப்படிக் காட்டிக்கொடுக்கிறது. 1988-இல் சர்வதேசக் கனிமவியல் சங்கம் பைராக்சீன்களின் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரைக் கைவிட்டது. பல்லாவரத்துக் கல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாவில் அது இன்னமும் இருக்கிறது.

உடையும் விதத்தை வைத்துக் கல்லை அறியும் கலை இந்தப் பகுதியில் மிகப் பழையது. 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் சரளை தோண்டிய பள்ளமொன்றில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகுக்கு அறிவித்த கருவி அது. சுற்றிலும் சார்னோக்கைட் குன்றுகள் நிற்க, அந்தக் கோடரி செய்யப்பட்ட கல் குவார்ட்சைட். சார்னோக்கைட்டில் அடி விழுந்தால் விரிசல் துகளுக்குத் துகள், பிளவுத் தளத்துக்குப் பிளவுத் தளம் திசைமாறி அலைந்து மழுங்கிப்போகும். குவார்ட்சைட்டில் எல்லாத் துகள்களும் குவார்ட்ஸ், எதற்கும் பிளவுத் தளம் இல்லை, ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால் விரிசல் துகள்களை அறுத்துக்கொண்டே நேராகப் போகிறது. கூரிய விளிம்பு கிடைக்கிறது. கருவி செய்தவர் கையில் அந்த வேறுபாடு தெரிந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வளர்ச்சி வடிவங்கள் சில சமயம் ஏமாற்றவும் செய்யும். கல்லின் விரிசலுக்குள் ஊறிச்செல்லும் நீரிலிருந்து மாங்கனீசு ஆக்சைடு படியும்போது கிளைகிளையாகப் பிரிந்து செடியின் ஓவியம்போலவே ஆகிவிடுகிறது. தரைக்குப் போடும் பலகைக் கற்களில் இதைப் பார்த்துவிட்டுப் புதைபடிவம் என்று மகிழ்ந்தவர்கள் ஏராளம். தாம்பரத்திலிருந்து மேற்கே போனால் வரும் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் களிப்பாறைகளில் உண்மையான தாவரப் புதைபடிவங்களே இருப்பதால், வேறுபாட்டை அறிந்திருப்பது இங்கு இன்னும் அவசியமாகிறது. இலைக்கு நடுநரம்பும் ஒழுங்கும் உண்டு. அது படிவப் பாறையின் படுகைத் தளத்தில் கிடக்கும். மாங்கனீசுக் கிளைகள் விரிசலின் ஓரத்திலிருந்து புறப்பட்டு, புதிய கரைசல் எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் நுனி நீட்டி ஒழுங்கின்றிப் பரவும். உப்பளத்தில் கனசதுரத்தின் முனைகள் முந்திக்கொண்ட அதே விதி, இன்னும் கட்டுக்கடங்காமல் போன நிலை இது. பெரம்பலூர் மாவட்டத்தின் காரையில் களிமண்ணின் வெடிப்புகளில் நாரிழைகளாக வளர்ந்திருக்கும் ஜிப்சமும் தன் இயல்பான சாய்தகட்டு உருவத்தில் இல்லை. வெடிப்பின் சுவர்கள் நெருங்கி நின்றதால் இழைகள் பக்கவாட்டில் பருக்க இடமின்றிச் சுவருக்குச் சுவர் நீண்டன. நகத்தால் கீறினால் கோடு விழும். உருவம் மறைத்ததை அது சொல்லிவிடும்.

இடம் மறுக்கப்பட்ட படிகம் தன் உள் அடுக்கை இழப்பதில்லை என்பதற்கு இந்தப் புறநகரிலேயே பிறந்த ஒரு சோதனைச் சான்றும் இருக்கிறது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையத்தை உருவாக்கி, பின்னர் களவாக்கத்தில் எஸ்.எஸ்.என். நிறுவனத்தில் பணியாற்றிய பி. ராமசாமி, கே. சங்கரநாராயணனோடு சேர்ந்து 2005-இல் ஒரு வளர்ப்பு முறையை வெளியிட்டார். கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு விதைப் படிகத்தை வேண்டிய திசையில் வைத்து, மேலே கரைசலை நிரப்பி, படிகம் அந்த ஒரே திசையில் மேல்நோக்கி வளரும்படி செய்வது. கிடைப்பது உருளை வடிவப் படிகம். படிகவியலில் உருளை என்ற உருவமே கிடையாது. அது குழாயின் உருவம். ஆனால் எக்ஸ் கதிருக்கு முன் அது குறையற்ற ஒற்றைப் படிகம். லேசர் கருவிகளுக்குத் தேவையான திசையில் வெட்டி வீணாக்காமல் பயன்படுத்தலாம் என்பது அதன் நன்மை. இந்த முறையை அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்தால் எஸ்.ஆர். முறை என்று படிக வளர்ப்போர் அழைக்கிறார்கள். பல்லாவரத்தில் பக்கத்துத் துகள்கள் செய்ததைக் களவாக்கத்தில் கண்ணாடிக் குழாய் செய்கிறது.

இந்தப் பகுதியின் குவாரிகள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. பம்மல், திரிசூலம், நன்மங்கலம் என்று வெட்டிய இடங்களில் நீர் தேங்கிக் கல்குட்டைகளாகிவிட்டன. சிக்கராயபுரம் குட்டைகளின் நீரை 2017 வறட்சியில் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். வெடிவைத்துப் பிளந்த அந்தச் சுவர்கள்தான் சார்னோக்கைட்டைச் சிதையாத புதுமுகத்தோடு காணும் இடங்கள். குப்பையால் நிரப்புவதும் சுற்றுச்சுவர் எழுப்பி மூடுவதும் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் பெற்ற பாறையின் பெயர் பெற்ற ஊரில், மாணவர் பாதுகாப்பாக நின்று பார்க்க ஒரு குவாரிச் சுவரையாவது வேலியிட்டு, விளக்கப் பலகை வைத்துக் காப்பாற்றவேண்டும். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியதே நிலவியல் மாதிரிகளை வைத்துத்தான். அங்குள்ள கண்ணாடிப் பெட்டி கனிமத்தைக் காட்டும். எந்தக் கனிமம் எதற்கு இடம் கொடுத்தது என்பதைப் பாறைச்சுவர்தான் காட்டும்.

அந்தக் கேள்விதான் பெரிய விவாதத்துக்குக் காரணமானது. சார்னோக்கைட் உருகிய குழம்பிலிருந்து வந்த பாறைத்தொடர் என்றார் ஹாலந்து. அமிலத்தன்மை மிக்கது முதல் இரும்பும் மக்னீசியமும் மிகுந்தது வரை எல்லாம் ஒரே குழம்பின் பிள்ளைகள் என்பது அவர் பார்வை. பிறகு வந்தவர்கள் துகள்களின் உருவத்தைக் காட்டி மறுத்தார்கள். முதலில் படிகமானதன் முகமும் இல்லை, கடைசியில் நிரம்பியதன் சந்தும் இல்லை. எங்கும் 120 பாகை. இது திடநிலையில் உருமாறிய பாறையின் கையெழுத்து என்றார்கள். 1955-இல் ஆர். ஏ. ஹோவி சென்னைச் சார்னோக்கைட்டின் வேதியியலை விரிவாக ஆராய்ந்தார். 1959-இல் ஏ. பி. சுப்ரமணியம் பல்லாவரம் பகுதியையே மறுபடி ஆராய்ந்து, ஹாலந்து ஒரே குடும்பம் என்று சேர்த்தவற்றில் எல்லாம் ஒரே குடும்பமல்ல, இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கரும்பாறைகளைத் தனியே பிரிக்கவேண்டும் என்று வாதிட்டார்.

உருவத்தை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாததற்குக் காரணம், உருமாற்றம் பழைய உருவத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதிவிடுகிறது. குழம்பில் பிறந்த பாறையும் பிறகு அதே சூட்டில் நீண்ட காலம் கிடந்தால் 120 பாகைக்கு வந்துவிடும். அழிக்க முடியாத ஒரு கனிமம் மட்டும் உள்ளே இருக்கிறது. சிர்கான். குழம்பில் வளரும்போது அது நான்கு பட்டைத் தூணாக, இரு முனையிலும் கூர்ங்கோபுரத்தோடு அமையும். சார்னோக்கைட் போன்ற பாறைகளில் எடுக்கும் சிர்கான்கள் பெரும்பாலும் முனை மழுங்கி உருண்டு கிடக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இவையும் முகம் இழந்தவைதான். ஆனால் ஒன்றைப் பாதியாகத் தேய்த்து எலக்ட்ரான் கதிரில் ஒளிரவைத்தால், உள்ளே மயிரிழை மயிரிழையாகக் கட்டங்கட்டமான வளர்ச்சிக் கோடுகள் தெரிகின்றன. அந்தக் கோடுகள் நேரானவை. நேர்கோடுகள் சந்திக்கும் மூலைகள் தூணுக்கும் கோபுரத்துக்கும் உரிய அதே கோணங்கள். அதைச் சுற்றி, உருமாற்றத்தின்போது படிந்த கோடற்ற மேலுறை ஒன்று. உள்மையம் குழம்பில் வளர்ந்தது, மேலுறை பிறகு திடத்தில் சேர்ந்தது. இரண்டிலும் உள்ள யுரேனியம், ஈய விகிதத்தைத் தனித்தனியே அளந்து தனித்தனியே வயது சொல்ல முடிகிறது. சென்னைப் பகுதிக்கு அது சுமார் 250 கோடி ஆண்டுகள். ஹாலந்தும் அவரை மறுத்தவர்களும் ஒரே கல்லின் வெவ்வேறு காலங்களைப் பார்த்தார்கள் என்பதை, ஒரு மில்லிமீட்டரில் சில பங்கே இருக்கும் ஒரு துகளுக்குள் புதைந்திருக்கும் முகங்கள் காட்டிக்கொடுக்கின்றன.